இன்னொருக்காக் கேட்டிருந்தால்

மக்டலீனுக்கு அந்தக் கழுதையின் முகத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அது கழுதை இல்லை, கோவேறு கழுதை என்று பீலிக்ஸ் எத்தனையோ தரம் திருத்தியாயிற்று. எதுவாய் இருந்தால் என்ன, நாலு காலும் நீட்டுக் காதும் உள்ள ஒரு சீவன் கலியாணம் கட்டிய நாள் முதலாய் அவளுடைய வீட்டுக்குள் வந்து குந்திக்கொண்டு எழும்பமாட்டேன் என்கிறது. சுவரில் அதன் படம். தேத்தண்ணிக் கோப்பையில் அதன் படம். இப்போது, ஞாயிற்றுக்கிழமை பூசையால் வந்து சீலையைக்கூட மாற்றாமல், அவள் குசினியில் நின்று கேக்குக்கு வத்தாளங்கிழங்கு மசிப்பதும் அந்தக் கழுதையின் பேரில்தான்.

அது ஒரு பழைய அமெரிக்க நகைச்சுவை நாடகம். ‘மூன்று வீடு, ஒரு கழுதை’ என்று பேர். அமெரிக்காவின் தெற்கே, செம்மண் ரோட்டோரம் மூன்றே மூன்று வீடுகள். ஒன்றில் மிஸ் லுரீன், கலியாணம் கட்டாமலே வயது போன, ஊருக்கெல்லாம் கிழங்குக் கேக் சுட்டுக் கொடுக்கிற மனுசி. இன்னொன்றில் வேர்னன், வேலைக்குக் கள்ளம் அடித்தாலும் மனதில் கள்ளமில்லாத மனிதர். மூன்றாவதில் ஒரு பாதிரியாரும் அவருடைய காது கேளாத தாயும். செனட்டர் என்று பேர் வைத்த அந்தக் கழுதை ஆருடையது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு கிழமைக் கதையில் அது ரோட்டுக்கு நடுவில் நின்றுவிடும். எல்லாரும் வந்து புத்தி சொல்லுவார்கள், அது நகராது. பிறகு தன்பாட்டில் நகரும். படம் முடிந்தது. இதற்குச் சிரிக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மக்டலீனுக்கு ஒரு அதிசயம். அதில் ஒருவருக்கே தான் வாழ்க்கைப்பட்டது அதைவிடப் பெரிய அதிசயம்.

பீலிக்ஸ் எண்பத்தைந்தில் ஜெர்மனிக்கு வந்தவர். அகதி விடுதியில் இருந்த காலத்தில் வேலை செய்யவும் விடமாட்டார்கள், மாவட்டத்தைத் தாண்டவும் விடமாட்டார்கள். பொது மண்டபத்தில் ஒரு ரீவி இருந்தது. பின்னேரங்களில் இந்த நாடகம் டொச் மொழியில் குரல் கொடுத்துப் போகும். நாவாந்துறையில் பிறந்த பொடியன் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் டொச் படித்தார். அதனால் அவருடைய டொச் இன்றைக்கும் ஒரு அமெரிக்கக் கமக்காரனுடைய டொச்தான். விசாப் புதுப்பிக்க ரெர்மின் எடுத்து, நேரம் குறித்துப் போன இடத்தில், எழும்பும்போது, “உங்கள் பசுக்கள் சுகமாக இருக்கட்டும், அம்மணி” என்று கந்தோர்ப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டு வந்த மனுசன். அந்தப் பெண் கொஞ்சநேரம் பேனையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

ஹெல்முட் வந்து சேர்ந்ததும் அந்த டொச்சினால்தான். பாண் பக்டறியில் மாக் குழைக்கிற மெசின் நின்றுபோன ஒரு நாள், “என்ன செனட்டர், இன்றைக்கு மனமில்லையோ?” என்று பீலிக்ஸ் அதன் முதுகில் தட்ட, பின்னால் நின்ற ஷிப்ட் பொறுப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சின்ன வயதில் தகப்பன் சுரங்கத்தால் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்த நாடகமாம் அது. அன்றையில் இருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ரசிகர் கூட்டம் என்று பேர் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் ஒரு பியர்க் கடையின் பின்னறையில் கூடுவார்கள். ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சிலர் செத்துப்போனார்கள், சிலருக்கு அலுத்துப்போயிற்று, போன மாதம் பியர்க் கடையும் பூட்டியாயிற்று. மிச்சம் மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் இன்றைக்குக் கூட்டம் பீலிக்ஸ் வீட்டில். மக்டலீன் அதற்குக் ‘கழுதைக் கழகம்’ என்று பேர் வைத்திருந்தாள்.

அவளுக்குக் கோபம் கழுதையில் இல்லை, சொல்லப்போனால். அவளுக்கு அலுப்பு. முழங்கால் அலுப்பு, முதுகு அலுப்பு, எல்லாவற்றையும்விட அந்த வீட்டில் தனியாக விழித்துத் தனியாகப் படுக்கிற அலுப்பு. பீலிக்ஸுக்கு இரவு வேலை. அவளுக்கு விடியக்காலத்து வேலை, ஒரு கந்தோர்க் கட்டடத்தில் ஆட்கள் வருமுன் கூட்டித் துடைத்துவிட வேண்டும். பின்னேரம் பள்ளிக்கூடம் ஒன்றிலும் அதே பாடு. அவர் புளித்த மா மணத்தோடு உள்ளே வரும்போது அவள் ஒற்றைக் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மேசையடியில் நின்றபடியே தேத்தண்ணி குடிப்பாள். “நான் கொஞ்சம் இருக்கட்டோ?” என்று அவர் கேட்பார். “வேண்டாம், போய்ப் படுங்கோ” என்பாள். அவர் போய்ப் படுப்பார். அவள் பஸ்ஸுக்கு இறங்குவாள். மகள் யூலியா வீட்டில் இருந்தவரைக்கும் இது பெரிதாகத் தெரியவில்லை, பிள்ளையின் சத்தத்தில் மறைந்து கிடந்தது. அவள் படிக்கவென்று வுப்பர்டாலுக்குப் போன பிறகு வீடு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது.

அதனால்தான் ஆவணியில் கேவலார் மாதாவிடம் போனபோது மக்டலீன் ஒரே ஒரு மன்றாட்டு வைத்தாள். வீடு வாசல் கேட்கவில்லை. இந்த மனுசனுக்குப் பகல் வேலை கிடைக்கவேண்டும், இரவில் ஒரு கட்டிலில் படுத்து ஒரு மணிக்கூட்டுச் சத்தத்துக்கு எழும்பவேண்டும், அவ்வளவுதான். மெழுகுதிரி கொளுத்தினபோது காற்று. பீலிக்ஸ் பக்கத்தில் நின்று கையால் மறைத்துப் பிடித்தார். “என்ன நேர்ந்தனீர்?” என்று கேட்டார். சொன்னாள். அவர் திரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்தியில் நிற்கிறார் என்று அவள் நினைத்தாள்.

மத்தியானம் கழிந்து ஹெல்முட் வந்தார். கையில் பூங்கொத்து, கக்கத்தில் புதிதாய் வந்த டிவிடிப் பெட்டி. ஆள் நல்ல உயரம், கதவு நிலைக்குக் குனிந்துதான் வரவேண்டும். அவருக்குப் பின்னால் உமாபதி. ஆஹெனில் ஒரு கார்க் கம்பனிக்கு சாப்ட்வேர் எழுதுகிற தமிழ்நாட்டுக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். அதற்கு முதல் மூன்று வருசம் அலபாமாவில் வேலை செய்தவனாம். இணையத்தில் ரசிகர்கள் எழுதுகிற பக்கத்தில் ஹெல்முட் ஏதோ பிழையாக எழுத, இவன் திருத்த, அப்படி வந்து கழகத்தில் சேர்ந்தவன். டொச் இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

“வாங்கோ தம்பி, மழையில நனைஞ்சு போனியள் போல” என்றாள் மக்டலீன்.

“பரவால்லக்கா. ட்ரெயின் லேட். பஸ்ஸும் மிஸ் ஆயிடுச்சு.”

“சாப்பிட்டியளோ?”

“சாப்ட்டுத்தான்க்கா வந்தேன். எதுவும் வேணாம், நீங்க ஸ்ட்ரெயின் பண்ணிக்காதீங்க.”

அவள் ரோல்ஸ் தட்டை நீட்டினாள். வேண்டாம் என்றான். “சும்மா ஒண்டு எடுங்கோ” என்றாள். ஐயோ வயிறு ஃபுல் என்றான். “நான் செய்ததைச் சாப்பிடமாட்டியளோ?” என்று இரண்டைத் தூக்கி அவனுடைய தட்டில் வைத்தாள். அவன் இரண்டையும் தின்று மூன்றாவதையும் தானாக எடுத்தான். பசியில் வந்த பிள்ளை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஹெல்முட்டிடம் அந்தக் கரைச்சல் இல்லை. வேண்டுமா என்று கேட்டால், வேண்டும், நன்றி என்பார். போதுமா என்றால் போதும் என்பார். அவர் போதும் என்ற பிறகும் மக்டலீன் கிழங்குக் கேக்கில் இன்னொரு துண்டை வைத்துவிட்டாள். அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

டிவிடி ஓடியது. மக்டலீன் கதவடியில் கதிரை போட்டு, பார்க்காத மாதிரி இருந்தாள். எதிர்வீட்டுப் பல்கனியில் உலகக் கிண்ணத்துக்குக் கட்டின கொடி இன்னும் கழற்றாமல் மழையில் ஊறிக்கொண்டு கிடந்தது.

அன்றைக்குப் போட்டது பீலிக்ஸுக்கு மிகவும் பிடித்த ஒரு கிழமையின் கதை. பாதிரியாருடைய தங்கச்சி வந்திருக்கிறாள், வடக்கே பெரிய நகரத்தில் வளர்ந்தவள். வேர்னன் வேலிக்கரையால் வருகிறார். ஒரு துண்டு கேக் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறாள். “இல்லை அம்மணி, இப்போதுதான் சாப்பிட்டேன்” என்கிறார் வேர்னன், தொப்பியைக் கழற்றிக்கொண்டு. சரி என்று அவள் தட்டை எடுத்து யன்னலில் வைத்துவிடுகிறாள். வேர்னன் போகவில்லை. வெயிலைப் பற்றிக் கதைக்கிறார். கேக் மணத்தைப் பற்றிக் கதைக்கிறார். யன்னல் பக்கம் ஒரு அடி நகர்கிறார். அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாளே ஒழிய இன்னொருக்கால் கேட்கவில்லை. கடைசியில், ஆருக்கும் வேண்டாமாக்கும் என்று அந்தத் துண்டைக் கழுதைக்குக் கொடுக்கிறாள். செனட்டர் முதல் தரமே வாயைத் திறந்தது.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மக்டலீனுக்கும் வாய்க்கடையில் சிரிப்பு வந்தது, மறைத்துக்கொண்டாள்.

“அப்படியே என் பக்கத்து வீட்டுக்காரர்” என்றான் உமாபதி, பாதி டொச்சிலும் பாதி ஆங்கிலத்திலுமாக. விளங்காத இடங்களைப் பீலிக்ஸ் எடுத்துச் சொல்ல, அவன் தொடர்ந்தான். “அலபாமாவில் வயதானவர்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். சொந்தமே இல்லாதவரையும் மாமா, அத்தை என்பார்கள். விடைபெற்று வாசலுக்கு வந்தபிறகு அரை மணிநேரம் பேச்சு. செத்த வீட்டுக்கு ஊரே சாப்பாடு கொண்டுபோகும். நான் மதுரையை விட்டு வந்தேனா என்றே சந்தேகமாக இருந்தது.” பிறகு மக்டலீன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான். “ஆனா ஒண்ணு மட்டும் இடிக்கும்க்கா. நான் இருந்த ஊர்ல பாதிப்பேர் கறுப்பு ஜனங்க. இந்த சீரியல்ல ஒருத்தர்கூட கிடையாது. பருத்திக்காடு காட்டுறான், பருத்தி எடுக்கிறவங்களக் காட்டவே மாட்டான்.”

பீலிக்ஸ் அதை டொச்சில் சொன்னார். ஹெல்முட் கேக்கைக் கரண்டியால் கிண்டிக்கொண்டு இருந்தார். “இவ்வளவு வருடமாகப் பார்க்கிறேன்” என்றார். “நான் அதை யோசித்ததே இல்லை.”

மக்டலீன் தான் துடைக்கிற கந்தோரை நினைத்துக்கொண்டாள். அங்கே வேலை செய்கிறவர்கள் ஒருவரும் அவளை ஒருநாளும் கண்டதில்லை.

ஹெல்முட் விடவில்லை. அவருக்கு ஒன்று விளங்கவில்லை என்றால் அதன் அடிவரைக்கும் போகவேண்டும், அவருடைய சுபாவம் அப்படி. “இன்னும் ஒன்று கேட்கிறேன். இந்தக் கேக் காட்சிக்கு நான் சின்னப்பிள்ளையிலிருந்தே சிரிக்கிறேன். ஆனால் வேர்னன் ஏன் ஆம் என்று சொல்லவில்லை? அவருக்கு வேண்டும்தானே?”

“எப்படிச் சொல்வது?” என்றார் பீலிக்ஸ். “கேட்டவுடனே ஆம் என்றால் அதற்காகவே வந்த மாதிரி இருக்கும். முதலில் வேண்டாம் என்று சொல்வது மரியாதை. இன்னொருக்கால் கேட்பது வீட்டுக்காரருடைய மரியாதை.”

“ஜெர்மனி வந்த முதல் மாதம் நான் பட்டினி” என்றான் உமாபதி. “ஆபீஸ் நண்பர் வீட்டில் விருந்து. வேண்டாம் என்றேன். ஓகே என்று பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவே இல்லை.”

பீலிக்ஸ் சிரித்தார். உமாபதி சிரித்தான். ஹெல்முட் சிரிக்கவில்லை. அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

“பீலிக்ஸ்” என்றார். “பெப்ரவரியில் நான் உன்னைப் பகல் வேலைக்குக் கேட்டேன்.”

பீலிக்ஸ் மேசையில் கிடந்த டிவிடிப் பெட்டியை எடுத்து மூடினார்.

“உடுப்பு மாற்றுகிற அறையில் வைத்துக் கேட்டேன். பகலில் ஒரு இடம் வருகிறது, உனக்கு வேண்டுமா என்று. நீ சொன்னாய், வேண்டாம் ஹெல்முட், சின்னப் பிள்ளைகள் இருக்கிற யாருக்காவது கொடு என்று. நான் ரால்புக்குக் கொடுத்தேன்.” அவர் முன்னால் குனிந்தார். “அது எந்த வேண்டாம்?”

“அது உண்மையான வேண்டாம்” என்றார் பீலிக்ஸ்.

“பீலிக்ஸ்.”

பீலிக்ஸ் பெட்டியின் மேலே அச்சடித்த கழுதையைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டு இருந்தார். உமாபதி தன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தான்.

மக்டலீனுக்கு டொச் நன்றாகவே விளங்கும். இருந்தும் தமிழில் கேட்டாள். “என்னப்பா கேட்டவர் அவர்?”

“அது முந்தி நடந்த கதை.”

“என்ன கேட்டவர் எண்டு கேக்கிறன்.”

“பிறகு சொல்லுறன் மக்டலீன். ஆக்கள் இருக்கினம்.”

அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள், கழுவ ஒன்றும் இல்லாமலே. மாசியில் வந்த வேலை. மாசியிலேயே வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு ஆவணியில் அவள் போய் அதே வேலைக்கு மெழுகுதிரி கொளுத்துகிறாள், இந்த மனுசன் பக்கத்தில் நின்று காற்றுக்குக் கை மறைத்துப் பிடிக்கிறார். மாதாவுக்கே சிரிப்பு வந்திருக்கும். நாசமாய்ப் போக, கழுதையும் கேக்கும்.

ஹெல்முட் குனிந்து குசினிக்குள் வந்தார். அவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் குளிர்சாதனப் பெட்டியோடு ஒட்டி நின்றார்.

“நான் ஒருமுறைதான் கேட்டேன்” என்றார். “எனக்குத் தெரியாது.”

“நீங்கள் சின்னப்பிள்ளையிலிருந்து அந்தக் கேக்கைப் பார்க்கிறீர்கள்” என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டினார். கோபிக்கவில்லை. “மாதக் கடைசியோடு நான் ஓய்வுக்குப் போகிறேன். எனக்குப் பதிலாக வருகிறவர் வெளியாள், எங்களை ஒருவரையும் தெரியாது. நான் அவரிடம் சொல்லுவேன். ஆனால் உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. ரால்ப் ஓய்வுக்குப் போக இன்னும் பல வருடம் இருக்கிறது, அந்த இடம் இனி வராது.”

“விளங்குது” என்றாள் தமிழில். பிறகு டொச்சில், “தேத்தண்ணி வேண்டுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்” என்றார் ஹெல்முட். உடனே திடுக்கிட்ட மாதிரி அவளைப் பார்த்தார். “இல்லை, உண்மையாகவே வேண்டாம்.”

அன்றைக்கு மிச்சப் படம் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. வழக்கமாக ஒரு ‘சூஸ்’ சொல்லிவிட்டுப் படியிறங்குகிற ஹெல்முட் அன்றைக்கு வாசலில் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். மழையைப் பற்றிச் சொன்னார். பஸ்ஸைப் பற்றிச் சொன்னார். பீலிக்ஸின் தோளில் கையை வைத்து எடுத்தார். உமாபதி தயங்கித் தயங்கி, “சாரிக்கா, நாந்தான் அந்தப் பேச்ச எடுத்தேன்” என்றான். அவன் மேல் என்ன பிழை. மக்டலீன் மிச்ச ரோல்ஸைச் சுற்றி அவனுடைய பையில் வைத்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகு பீலிக்ஸ் வேலைக்கு வெளிக்கிட இன்னும் நேரம் இருந்தது. அவர் தட்டுகளை அடுக்கினார். அவள் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திருப்பித் துடைத்தாள்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“வெக்கமாக் கிடந்தது.”

“வேலையை வேண்டாமெண்டு சொல்ல வெக்கமா இல்லையோ?”

“நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை மக்டலீன். அதாவது, சொன்னனான். ஆனா அவன் திருப்பிக் கேப்பான் எண்டு நினைச்சன். ஹெல்முட் எங்கட ஆள் மாதிரி. எல்லாம் தெரிஞ்சவன். ஒருக்காக் கேட்ட உடன ஓமெண்டு சொன்னா, ஆலாப் பறந்துகொண்டு நிண்டவன் எண்டு நினைக்கமாட்டானோ? அடுத்த நாளும் அதே இடத்தில போய் நிண்டனான். வேணுமெண்டே மெதுவாச் சேட்டு மாத்தினனான். அவன் வந்தான், பந்தாட்டம் பற்றிக் கதைச்சான், போனான். அந்தக் கிழமை முழுக்கக் காத்துக்கொண்டு நிண்டன். பிறகு பாத்தா ரால்ப் பகல் வேலைக்கு மாறீற்றான்.”

“வாய் திறந்து கேட்டிருக்கலாமே.”

“ஏலாமப் போச்சு.”

“கேவலாரில என்ர பக்கத்தில நிண்டியள்.”

“ஓம்.”

“நான் என்ன நேர்ந்தனான் எண்டு சொன்னனான்.”

“ஓம் மக்டலீன்.”

அவளுக்கு ஏசவேண்டும் போல இருந்தது. வாய்நிறையச் சொல் இருந்தது. ஆனால் அவரைப் பார்த்தாள். தலை முழுக்க நரைத்துப்போய், இரவு முழித்து முழித்துக் கண்ணுக்குக் கீழே பை தொங்க, ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற மனுசன். “இஞ்ச ஒருக்காத்தான் கேப்பாங்கள்” என்றாள். “இருபது வருசமா இஞ்ச இருக்கிறியள், இதுகூடத் தெரியேல்லை.” அவர் இருட்டுப்பட வேலைப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் தனியாகப் படுத்தாள்.

நித்திரை சரியாக வரவில்லை. விடியப்புறம் எழும்பித் தேத்தண்ணி போட்டாள். நின்றபடியே குடித்துக்கொண்டு ஒற்றைச் சப்பாத்தை மாட்டினாள். கதவு திறந்தது. புளித்த மா மணம் முதலில் வந்தது, பிறகு அவர் வந்தார். மேலங்கியைக் கழற்றிக் கொழுவினார். அவளுடைய முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு மேசையைப் பார்த்துக் கேட்டார்.

“நான் கொஞ்சம் இருக்கட்டோ?”

“வேண்டாம், போய்ப் படுங்கோ.”

வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. அவர் தலையாட்டிக்கொண்டு அறைக்குள் போனார். கட்டில் கிறீச்சிட்டது.

மக்டலீன் மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள். அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்த புதிதில், அந்த ஒற்றை அறை வீட்டில், அவள் வேண்டாம் என்று சொன்னால் அவர் போகமாட்டார். “இல்லை, இருக்கிறன்” என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நித்திரை தூங்கித் தூங்கி அவளோடு தேத்தண்ணி குடிப்பார். அவள் போங்கோ போங்கோ என்று துரத்துவாள், உள்ளுக்குள் குளிர்ந்துபோய் இருப்பாள். அது எப்போது நின்றது? யூலியா பிறந்த பிறகோ, பள்ளிக்கூடத்து வேலையும் எடுத்த பிறகோ, அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் அவர் ஒருக்கால் மட்டும் கேட்டிருக்கிறார். அவள் வழக்கம்போல வேண்டாம் என்றிருக்கிறாள். அவர் போய்ப் படுத்திருக்கிறார். அவளும் இத்தனை வருசமாக, அவர் திருப்பிக் கேட்பார் என்று, தேத்தண்ணியை மெதுவாகத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சருங்கோ” என்று கூப்பிட்டாள்.

அவர் எழும்பி வந்து அறை வாசலில் நின்றார். “என்ன? முழங்கால் நோகுதோ?”

“திருப்பிக் கேளுங்கோ.”

அவர் முகம் வாடியது. “ஆரிட்டக் கேக்கிறது மக்டலீன்? ஹெல்முட் போறான். புது ஆளுக்கு என்னைத் தெரியாது.”

“வேலையைச் சொல்லேல்லை. இப்ப என்னட்டக் கேட்டதைத் திருப்பிக் கேளுங்கோ.”

அவர் அவளைப் பார்த்தார். அவளுடைய கையில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். விளங்க அவருக்குக் கொஞ்சநேரம் பிடித்தது. விளங்கினபோது மேசையடிக்கு வந்தார்.

“நான் கொஞ்சம் இருக்கட்டோ?”

“ஓம்” என்றாள் மக்டலீன்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டார். அவள் கையில் இருந்த சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு, நேற்றையக் கிழங்குக் கேக்கில் மிச்சம் இருந்ததை எடுத்து இரண்டாக வெட்டினாள். கீழே பஸ் வந்து நின்றது. அவர் யன்னல் பக்கம் பார்த்தார், “உம்மட பஸ்” என்றார். அவள் ஒரு துண்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தாள். பஸ் கதவை மூடிக்கொண்டு போனது.